பெயர் எழுதிய பெட்டிகள்

போலந்தில், நாஜிகளின் வதைமுகாமாக இருந்த ஆஷ்விட்ஸ் நினைவிடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் பழைய பயணப் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பல பெட்டிகளின் மேல் வெள்ளைச் சாயத்தில் பெயர், ஊர், சிலவற்றில் பிறந்த தேதியும். வேறு இடத்தில் குடியமர்த்தப் போவதாகச் சொல்லித்தான் நாஜிகள் யூதர்களை ரயிலேற்றினார்கள். போய் இறங்கியதும் பெட்டி கைக்கு வந்துவிடும் என்று நம்பி எழுதிய பெயர்கள் அவை.

அங்கே சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்; ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். இந்த எண்ணை எத்தனை முறை படித்தாலும் மனம் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. அங்குள்ள காலணிக் குவியலுக்குள் ஒரு குழந்தையின் செருப்பைப் பார்க்கும்போதுதான் தொண்டை அடைக்கிறது. நேரில் போகச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டில், 1947-இல், அந்த முகாம் அருங்காட்சியகமானது. அதற்கு முன்னின்றவர்கள் உயிர் தப்பிய கைதிகள். தாங்கள் வதைபட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கேயே தங்கிக் காவல் காத்தார்கள்.

ஐரோப்பா போகிறவர்கள் இதற்கு ஒரு பகலை ஒதுக்குங்கள். குவியலைப் பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். ஒரே ஒரு பெட்டியின் முன் நின்று, அதிலுள்ள பெயரை முழுதாகப் படியுங்கள்.