முளையிலே தெரியுமோ?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்னும் பழமொழி ஆசிரியராகிய நமது நாவிற் பலகாலும் வருவது. கணக்கிற் பின்னின்ற சிறுவனொருவனைக் கடைவாங்கில் இருத்தி யாமும் அதனைக் கூறியதுண்டு. அஃது எத்துணை உண்மை? முளையத்தையே ஆராய்ந்தார் கண்டவற்றை ஈண்டு நோக்குவாம்.

முலையூட்டியின் கருவுற்ற முட்டை இரண்டு, நான்கு, எட்டெனக் கலங்களாய்ப் பிரிகின்றது. சின்னாளில், புறத்துள்ள கலங்கள் சூல்வித்தகத்தை ஆக்குதற்கும், அகத்துள்ளவற்றுட் சில உடலை ஆக்குதற்கும் வேறுபடுகின்றன. 1959ஆம் ஆண்டிற் போலந்து அறிஞர் தார்க்கோவ்ஸ்கி சுண்டெலியின் இருகல முளையத்தில் ஒரு கலத்தை அழித்து, எஞ்சியதை வளர்ப்புத்தாயினுட் சேர்த்தார். அவ்வொரு கலத்தினின்றும் முழுச் சுண்டெலி பிறந்தது.

2009ஆம் ஆண்டில் அசீம் சுரானி, ஃபூச்சோ டாங் முதலியோர் சுண்டெலி முளையத்தின் தனிக்கலம் ஒன்றினுள் எப்பரம்பரையலகுகள் தொழிற்படுகின்றன என்பதை ஆர்.என்.ஏ. வாயிலாகப் படித்தறிந்தனர். 2016இல் செர்னிக்கா-கோட்ஸ் குழுவினர், நாற்கலப் பருவத்திலேயே சொக்ஸ்21 என்னும் பரம்பரையலகின் தொழிற்பாடு கலத்துக்குக் கலம் வேறுபடும் என்றும், அது குறைந்த கலத்தின் வழிவந்தவை புறக்கலங்களாகச் சாயும் என்றும் காட்டினர்.

அற்றேல், பழமொழி மெய்யாயிற்றே எனின், அன்று. சாய்வு வேறு, முடிவு வேறு. 1972இல் ஹில்மன், ஷேர்மன், கிரகாம் என்போர் இளமுளையக் கலங்களை வேறு முளையங்களின் புறத்தே ஒட்டிவைத்தனர். அவற்றுட் பெரும்பாலன புறக்கலங்களின் வழியே சென்றன. வைத்த இடமும் இயல்பை ஆக்கிற்று. மேலும், ஒரு கலத்தின் ஆர்.என்.ஏ.யை இங்ஙனம் படித்தற்கு அக்கலத்தைச் சிதைத்தல் வேண்டும். சிதைந்த கலம் யாதாகியிருக்கும் என்பதை எவரும் காணார். அதனையொத்த பிறவற்றைக்கொண்டு அனுமானிப்பரேயன்றிப் பிறிதில்லை.

கலம் வேறு, பிள்ளை வேறு என்பதை யாம் மறந்திலேம். கலங்கள் பின்னர் ஒருவழிப்பட்டு உறுதியாதலும் உண்மையே; நெகிழ்ச்சியுள்ள காலம் சிறிது. ஆயினும், நுண்கருவிகொண்டு ஒரு கலத்தை முற்றப் படித்தாரே சாய்வென்ற அளவில் நிற்ப, ஒரு பரீட்சைத்தாள்கொண்டு ஒரு பிள்ளையின் முடிவை எழுதுதற்கு நாம் யார்?

அச்சிறுவனை யாம் கடைவாங்கில் இருத்தினோம். பின் அவன் கடைநின்றதை அவன் இயல்பென்றோம். எவ்வளவு அவனது, எவ்வளவு யாம் இருத்திய இடத்தது என்பதை இனி அறிதற்கில்லை. ஆசிரியர்காள்! பிள்ளையின் சாய்வைக் காண்க. கண்டபின், அவனை எங்கே இருத்தினோம் என்பதையும் காண்க.