மேல்வீட்டு அத்தையின் சமையலறை

குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்னறையை அப்பா 2007இல் கட்டினார். அஞ்சு பேருக்கு ஒரே அறை, வேறு வழியில்லை. மலையில் இடம் வேணும்னா மலையைத்தான் வெட்டணும். நாலு ஆள் கடப்பாரையோடு வந்து ஒன்பதடிக்குச் செங்குத்தாக இறக்கினார்கள். "பாறை மாதிரி நிக்குது" என்றார் மேஸ்திரி. தடுப்புச்சுவரை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று விட்டாயிற்று.

வெயிலில் எந்த மண்ணும் நிற்கும். சரிவின் அடிமண் மேல்மண்ணுக்கு முட்டு. அதை எடுத்துவிட்டால் மிச்ச மண் தன் ஒட்டுதலை மட்டும் நம்பி நிற்கிறது. மழை இறங்கினால் கனம் கூடும். துகள்களுக்கு நடுவே நிறையும் தண்ணீர் அவற்றை விலக்கித் தள்ளும், பிடிமானம் விட்டுப்போகும்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. அந்த நாட்களில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் செத்தார்கள். எங்கள் வெட்டும் ராத்திரியில் இறங்கியது. மேல்வீட்டு அத்தையின் சமையலறை பாதி அதோடு வந்துவிட்டது. நல்லவேளை, அவர் முன்னறையில் படுத்திருந்தார்.

காலையில் அத்தைதான் அப்பாவைத் தேற்றினார். "என்னண்ணா பண்றது, இந்த மழை யாரை விட்டுச்சு?"

"ஆமாம்மா" என்றார் அப்பா.

அது பொய்யா? அந்த மழையில் கடப்பாரை படாத சரிவுகளும் விழுந்தன. எங்களுடையது வெட்டாமலே விழுந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் அதே மழை பெய்தும் பக்கத்து வீட்டுக் கரை நின்றது. அதை யாரும் வெட்டவில்லை.

மழையே வராமல் போயிருந்தால் அப்பா பிள்ளைகளுக்கு அறை கட்டிய மனுஷர், அவ்வளவுதான். எங்கள் வரிசையில் வெட்டிவிட்டுத் தப்பித்தவர்கள் இன்றும் அப்படித்தான் இருக்கிறார்கள். செய்தது ஒன்றே, யார் குற்றவாளி என்பதை வானிலை முடிவு செய்கிறது. இது எனக்கு ஒப்பவில்லை. தப்பு நடந்தது 2007இல், நல்ல வெயிலில் என்றுதான் நினைக்கிறேன். அறை வேண்டியிருந்தது, சரி. அத்தை வீட்டு முட்டை எடுக்கிறோம் என்று அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவர் உயிரை வைத்து நாங்கள் கணக்குப் போட்டோம், அவருக்கே தெரியாமல். சுவருக்கான பணம் அந்த வருஷம் கான்கிரீட் கூரைக்குப் போனது.

இப்போது சுவர் இருக்கிறது, தண்ணீர் வடியக் குழாய் வைத்து. அப்பா இல்லை. போன ஐப்பசியில் ஊருக்குப் போனபோது அத்தை காப்பி கொடுத்தார். வெளியே தூறல். பேச்சு அந்த மழைக்கு வந்தது.

"எல்லாம் அந்த மழை பண்ணுனது கண்ணு."

டம்ளரைக் கீழே வைத்தேன். "ஆமாங்கத்தை" என்றேன்.