உறங்கும் எஞ்சினும் மலபரிபாகமும்

நெடுங்காலம் ஓடாமல் நின்றுபோன ஓர் எஞ்சின் மீண்டும் ஓடத் தொடங்கும்போது, அந்த ஓட்டத்துக்குரிய ஆற்றல் அதுவரை எங்கே இருந்தது என்ற கேள்வி, பட்டறைக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், இந்தியத் தத்துவ மரபுகள் காரண காரிய ஆராய்ச்சி என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் வாதிட்ட கேள்வியேயாகும். காரியம், அதாவது விளைபொருள், தன் காரணத்தில் நுண்ணிய நிலையில் முன்னமே உள்ளது, செய்வோன் அதை வெளிப்படுத்துகிறான் என்னும் கொள்கை சற்காரியவாதம் எனப்படும்; சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இதை ஏற்பவர்கள். முன்பு இல்லாத ஒன்றே புதிதாகத் தோன்றுகிறது என்னும் நியாய வைசேடிகரின் கொள்கை அசற்காரியவாதம் எனப்படும். மண்ணையும் குடத்தையும் வைத்தே பெரும்பாலும் நடந்த இந்த வாதத்துக்கு, நின்றுபோன எஞ்சின் இன்னும் கூர்மையான சான்றாக அமையும். ஏனெனில் மண் ஒருபோதும் குடமாக இருந்து காட்டியதில்லை, எஞ்சினோ ஒருகாலத்தில் ஓடிக் காட்டியது, பிறகு ஓடாமற்போனது.

பழைய மோட்டார் வாகனம் ஒன்று பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்டால், சிலிண்டரின் உட்சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் படலம் மெல்ல வடிந்து அடியில் இறங்கிவிடும். காற்றிலுள்ள ஈரம் பிஸ்டன் வளையங்களுக்கும் அச்சுவருக்கும் இடையே துருவை வளர்த்து இரண்டையும் ஒன்றோடொன்று கவ்வச் செய்யும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோக, எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். இந்நிலையை அடைந்த எஞ்சினைப் பட்டறைகளில் 'ஜாம் ஆகிவிட்டது' என்பார்கள். அந்தச் சொல்லிலேயே ஒரு தத்துவ நிலைப்பாடு அடங்கியிருக்கிறது: ஆற்றல் அழியவில்லை, தடைப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். தேர்ந்த மெக்கானிக் இத்தகைய எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதில்லை. அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே இளகிய எண்ணெயை ஊற்றி, அது துருவின் இடுக்குகளுக்குள் இறங்கும்வரை சில நாட்கள் காத்திருந்து, அதன்பின் கிராங்கைக் கையால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கிறார். உள்ளே பிடி தளர்ந்தது கைக்குத் தெரிந்த பிறகே பழைய பெட்ரோலை வடித்துப் புதியதை ஊற்றுவதும், பேரிங்குகளுக்கு எண்ணெய் ஏறச் செய்வதும், மின்பொறியைக் கொடுப்பதும் நடக்கும். இந்த வரிசையை மீறி வலிந்து சுழற்றினால் எண்ணெயில்லாத உலோகம் உலோகத்தைச் சுரண்டும்; வளையங்கள் ஒடியும்; துருவை வெல்லக் கொடுத்த விசையே எஞ்சினை முடித்துவிடும்.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்வதற்கும் இந்தப் பட்டறை ஒழுங்குக்கும் உள்ள ஒப்புமை மேலோட்டமானதன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் நிலைநாட்டிய அந்தத் தத்துவத்தின்படி, இச்சை, ஞானம், கிரியை என்னும் விழைவு, அறிவு, செயல் ஆகிய ஆற்றல்கள் உயிருக்கு இயல்பாக உண்டு. எனினும், செம்பில் களிம்பு போல உயிரோடு தொடக்கமில்லாத காலந்தொட்டு ஒட்டியிருக்கும் ஆணவ மலம் அவற்றை முழுவதும் மூடிநிற்கும் நிலையில் உயிர் ஒன்றையும் அறியாமல், ஒன்றையும் செய்யாமல் கிடக்கிறது; இந்நிலைக்குக் கேவல அவத்தை என்று பெயர். அதிலிருந்து உயிரை எழுப்பும் இறைவன் அதற்குப் புதிய ஆற்றலைக் கொடுப்பதில்லை, உள்ள ஆற்றலின் மறைப்பையே நீக்குகிறான். அந்த நீக்கமும் ஒரே அடியில் நிகழ்வதன்று. மலத்தின் மறைக்கும் வலிமை தளர்வதற்குரிய பக்குவத்தை அடைவது மலபரிபாகம் எனப்படும். அப்பக்குவம் வந்தபின் திருவருள் உயிரில் பதிவது சத்திநிபாதம் எனப்படும். அதுவும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு படிகளில் நிகழும். மந்ததரம் என்பது மிக மெல்லிய பதிவு. ஊறிய எஞ்சினைக் கையால் அரை அங்குலம் அசைத்துப் பார்ப்பதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். எண்ணெய் ஊறும் அந்த நாட்களில் வெளிப்பார்வைக்கு எதுவும் நடப்பதில்லை. ஆனால் நடக்கவேண்டியதில் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கிறது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்றாக எண்ணப்பட்டு, அதுவும் அருளின்பாற் படும் என்று சித்தாந்திகள் வற்புறுத்தியதன் ஆழம், காத்திருத்தலைச் செயலின் குறைவாக எண்ணும் இக்காலத்தவருக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

ஒப்புமையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். துரு என்பது இரும்பே ஆக்சிஜனோடு கூடித் திரிந்த பொருள். அது வளர வளர இரும்பு குறைகிறது. ஆணவமோ உயிரை மறைக்குமேயன்றி உயிரின் ஒரு பகுதியைத் தின்று தானாக மாற்றிக்கொள்வதில்லை. மேலும் எஞ்சின் சடம், அதாவது அறிவற்ற பொருள். உயிர் சித்து, அறிவுடையது. ஆனாலும் கேவலத்தில் கிடக்கும் உயிர் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள இயலாது, எழுப்புவோன் வேண்டும் என்று சித்தாந்தம் கூறுவதால், அந்த ஓரிடத்தில் சடமும் சித்தும் நெருங்கி வருகின்றன. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பகுத்து, நிமித்த காரணமின்றி எதுவும் வெளிப்படாது என்று அவர்கள் வாதிட்டதும் இதனாலேயே.

அந்த நிமித்த காரணத்தின் கை எட்டாத தொலைவில் எஞ்சின் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சூளூர்பேட்டைக்கு அருகிலிருந்து புறப்பட்ட ஒரு கலம் காட்டியது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் சூளூர்பேட்டை, சென்னை-கூடூர் இருப்புப்பாதையில் உள்ள ஊர். அங்கிருந்து புலிக்காட் ஏரியின் குறுக்கே செல்லும் சாலை ஸ்ரீஹரிகோட்டாவை அடைகிறது. 2013 நவம்பர் 5 அன்று அங்கிருந்து பி.எஸ்.எல்.வி.-சி25 ராக்கெட்டில் ஏவப்பட்ட மங்கள்யானின் முதன்மை எஞ்சின், 440 நியூட்டன் உந்துவிசை கொண்டது. டிசம்பர் 1 அன்று கலத்தைச் செவ்வாயை நோக்கிச் செலுத்திவிட்டு அது ஓய்ந்தது. ஏறத்தாழ 300 நாட்கள் விண்வெளியின் குளிரில் இயங்காமல் கிடந்தபின், செவ்வாயின் ஈர்ப்புக்குள் கலம் பிடிபடும்படி அதன் வேகத்தைக் குறைக்க மீண்டும் எரிந்தாக வேண்டியிருந்தது. அரிக்கும் தன்மையுள்ள எரிபொருளும் ஆக்சிகாரியும் இடைக்காலத்தில் வால்வுகளைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், மறுதொடக்கத்துக்கென்றே தனிக் குழாய்வழி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று எஞ்சின் ஏறத்தாழ 4 நொடிகள் மட்டும் எரியவிடப்பட்டது. இதை மெக்கானிக்கின் கையசைவோடும் மந்ததரத்தோடும் சேர்த்து எண்ணலாம். 24ஆம் தேதி காலை, எட்டுச் சிறிய உந்திகளும் துணைநிற்க, அது ஏறத்தாழ 23 நிமிடங்கள் எரிந்தது. அந்த எரிதலின் ஒரு பகுதியில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. வானொலிச் சைகை புவியை அடையவும் 12 நிமிடங்களுக்கு மேல் தேவைப்பட்டது. ஆகவே எழுப்பியவர்கள் எழுச்சியை அது நிகழ்ந்தபோது காணவில்லை. செய்யவேண்டியதை முன்பே செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

இதே கேள்வியின் மற்றொரு பக்கத்தைச் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனை கண்டது. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டுக் கிழக்கிந்திய ரயில்வேயில் ஓடி, 1909இல் ஓய்வுபெற்று, ஜமால்பூர் பணிமனையில் காட்சிப்பொருளாக நின்ற 'எக்ஸ்பிரஸ்' என்னும் நீராவி எஞ்சின், பெரம்பூரில் சீரமைக்கப்பட்டு 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. நூறாண்டு நின்ற எஞ்சினில் பல உறுப்புகள் புதியனவாக இருந்தேயாக வேண்டும். அப்படியானால் ஓடியது அந்தப் பழைய எஞ்சின்தானா? பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில், கிரேக்க அரசன் மிலிந்தனிடம் துறவி நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று வினவி, அவற்றுள் எதுவும் தேரன்று, அவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று நிறுவுகிறார். உயிரைப் பொறுத்தவரை இவ்விடையைச் சித்தாந்தம் மறுக்கும். உடம்பின் கருவிகள் மாறினாலும் அவற்றைக் கொண்டு அறியும் ஒருவன் நிலைத்திருக்கிறான் என்று கூறும். ஆனால் நீராவி எஞ்சினுக்குள் அவ்வாறு நிலைக்கும் ஒருவன் இல்லை. ஆகவே 'எக்ஸ்பிரஸ்' விஷயத்தில் நாகசேனரின் விடையே வலியது என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. ஒரு கொள்கை உயிருக்குப் பொருந்துவதாலேயே அதை இரும்புக்கும் நீட்ட வேண்டியதில்லை.

சூளூர்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையிலுள்ள செங்காளம்மன் கோயிலில் ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வழிபடுவது வழக்கம். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுவதற்கு முன்பும் அது நடந்தது. இவ்வழக்கத்தை அறிவியலுக்கு இழுக்கு என்பவர்களும், வழிபாட்டால்தான் எஞ்சின் எரிந்தது என்பவர்களும், வழிபாடு எஞ்சினுக்கு ஏதோ ஆற்றலைச் சேர்ப்பதற்காகச் செய்யப்படுகிறது என்ற ஒரே எண்ணத்திலிருந்து தொடங்குகிறார்கள். சித்தாந்த நோக்கில் அந்த எண்ணமே பிழை. கோயிலுக்குச் செல்பவர், தம் கை தடையை மட்டுமே நீக்கவல்லது, நீங்கியபின் வெளிப்படுவது தம்மால் படைக்கப்பட்டதன்று என்பதை உணர்ந்து நிற்கிறார். அந்தக் கோயிலின் கதவுகள் அடைக்கப்படுவதில்லை என்பது ஊர் மரபு. மற்றக் கோயில்களில் அலங்காரத்தின்போது திரையிட்டு மறைத்துப் பின் திரைவிலக்கிக் காட்டும் முறை மறைத்தலையும் அருளலையும் அடுத்தடுத்து நிகழ்த்துகிறது. எந்நேரமும் திறந்திருக்கும் செங்காளம்மன் சந்நிதியிலோ மறைப்பு என்பது காண வருபவரின் பக்கம் மட்டுமே எஞ்சுகிறது.

மங்கள்யான் இன்று மறுபடியும் மௌனத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் செவ்வாயின் நிழலில் நெடுநேரம் சிக்கியபின் அதன் தொடர்பு அறுந்தது. எரிபொருளும் தீர்ந்திருக்கவேண்டும் என்று இஸ்ரோ முடிவுசெய்தது. 2014 செப்டம்பர் வரை ஏறத்தாழ 300 நாட்கள் கிடந்த எஞ்சினும் இப்போது கிடக்கும் எஞ்சினும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. எனினும் முதலாவதில் ஆற்றல் மறைந்திருந்தது, இரண்டாவதில் அது இல்லை. மறைவும் இன்மையும் இவ்வாறு ஒரே முகத்தோடு நிற்பதால்தான், நெடுங்காலம் செயலற்றுக் கிடக்கும் ஓர் உயிரைப் பார்த்து அதில் ஒன்றும் இல்லை என்று தீர்ப்பளிக்கச் சித்தாந்தம் எவருக்கும் உரிமை தரவில்லை. உயிரின் ஆற்றல் தொட்டியிலுள்ள எரிபொருள் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று என்பது அதன் துணிபு.