ஹாடிக்ஸின் ஆட்டக் கணக்கு

பேஸ்பால் ஆட்டமொன்றின் ஓட்டங்கள், அடிகள், பிழைகள் ஆகியவற்றை அணிவாரியாகவும் ஆட்டக்காரர் வாரியாகவும் தொகுத்துத் தரும் புள்ளிவிவரப் பட்டியல் 'பாக்ஸ் ஸ்கோர்' எனப்படுகிறது. 1959 மே 26 அன்று மில்வாக்கியில் நடந்த ஆட்டத்தின் பட்டியல், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 12 அடிகள் அடித்தும் ஓட்டமின்றித் தோற்றதையும், மில்வாக்கி பிரேவ்ஸ் ஒரே அடியுடன் 1–0 என வென்றதையும் காட்டுகிறது. பைரேட்ஸ் பந்தெறிவாளர் ஹார்வி ஹாடிக்ஸ், வழக்கமான 9 இன்னிங்ஸ்களையும் கடந்து 12 இன்னிங்ஸ்களில் எதிர்கொண்ட 36 மட்டையாளர்களுள் ஒருவரைக்கூட முதல் தளத்தை அடையவிடவில்லை; இத்தகைய குறையற்ற பந்தெறிதல் 9 இன்னிங்ஸ் அளவில் கைகூடுவதே மிக அரிது. 13ஆம் இன்னிங்ஸில், சக ஆட்டக்காரர் டான் ஹோக்கின் பிழையால் எதிரணியினர் ஒருவர் தளமேற, பின்னர் பிரேவ்ஸ் மட்டையாளர் ஜோ ஆட்காக்கின் அடி ஆட்டத்தை முடித்தது. வேலியைத் தாண்டிய அப்பந்து 'ஹோம் ரன்' ஆகியிருக்க வேண்டும். ஆனால் முன்னே ஓடிய தம் அணியின் ஹாங்க் ஆரனை ஆட்காக் கடந்துவிட்டதால், அது இரு தள அடியாகக் குறைத்துப் பதியப்பட்டது. ஓட்டமே விடாமல் 13 இன்னிங்ஸும் நின்ற எதிரணிப் பந்தெறிவாளர் லூ பர்டெட்டின் உறுதியும் போற்றத்தக்கதே. எனினும், தோல்வி எனப் பதிவான ஹாடிக்ஸின் பந்தெறிதலே அன்றைய ஆட்டத்தின் தலைசிறந்த செயலாகும்.