தன் கண்ணும் பிறர் கண்ணும்

தன்னைத் தான் அறிந்ததாக எண்ணாத மனிதன் இல்லை. பிறரை அளந்துவிட்டதாக எண்ணாதவனும் இல்லை. இவ்விரண்டு அளவைகளையும் திருப்பாணாழ்வார் சரிதம் சோதித்துக் காட்டுகிறது.

நம் மேட்டூரைக் கடந்து செல்லும் அதே காவிரியின் தென்கரையில், அரங்கத் தீவை மிதிக்கவும் தாம் தகுதியற்றவர் என்று கருதி, தம்மை மறந்து பாடி நின்றார் ஆழ்வார். திருமஞ்சனத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவரோ, தாழ்ந்தவர் வழியில் நிற்பதாகக் கண்டார். அழைத்தும் விலகாமையால் கல்லெறிந்தார்.

இருவர் எண்ணமும் ஒன்றே: ‘இவர் தாழ்ந்தவர்’ என்பது. ஆயினும் ஒருவருக்கு அது பணிவாயிற்று, மற்றவருக்கு அபசாரமாயிற்று. ஏன்? தன்னைத் தாழ்த்துபவன் அகந்தையைக் குறைக்கிறான். பிறனைத் தாழ்த்துபவன் அதனை வளர்க்கிறான்.

அரங்கனோ இரு கணிப்பையும் ஏற்றிலன். முனிவர் தோளிலேயே பாணரை ஏற்றிவரப் பணித்தான். ‘முனிவாகனர்’ என்னும் திருநாமம் பிறந்தது. 10 பாசுரங்கள் கொண்ட அமலனாதிபிரானும் நமக்குக் கிடைத்தது. பிழை உணர்ந்து தோள் கொடுத்த முனிவரும் உயர்ந்தார்.

நாமோ அளவுகோலை மாற்றிப் பிடிக்கிறோம்: நமக்கு நெகிழ்வு, பிறர்க்குக் கடுமை. அஸ்தம்பட்டியில் சேவைக்காக வரிசையில் நிற்கும் நாம், முன் நிற்பவரை இடையூறென்று எண்ணும் கணத்தில், நம் கையில் அந்தக் கல் இருக்கிறதா என்று நோக்குவோமாக.