கதையில் வரும் கடைக்காரர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் சங்கத்து இளைஞர் ஒருவர், இவ்விதழில் வெளியிட வேண்டுமென்று சிறுகதை ஒன்றை எழுதிக் கொடுத்தார். கதை நடக்குமிடம் பஹாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம். காலம் அவருடைய பாட்டனார் காலம். லயத்துக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் நம்மவர், ஐவேளைத் தொழுகை தவறாதவர். பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி மாதமெல்லாம் அங்கே பற்றுக்கு வாங்கிச் சம்பள நாளில் தீர்ப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு மாதம், அவள் வாங்காத இரண்டு படி அரிசி அவள் கணக்கில் ஏறியிருக்கிறது. கடைக்காரர் தொகையைப் படித்துச் சொல்கிறார். அவள் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவே கதை.

இதை நிர்வாகக் குழுவில் படித்தபோது அபிப்பிராயம் இரண்டுபட்டது. பெரியவர் ஒருவர், “தம்பி, இதைப் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்தபோது, அந்த ஜனங்களுக்கு நம்பிக்கை ஒன்றையே ஈடாகக் கொண்டு அரிசி கொடுத்தவர்கள் யார்? நம்மவர்கள்தானே! அதை எழுதக் கூடாதா?” என்றார். அவர் சொன்னது உண்மை. அதற்கு இளைஞர், “அத்தா, அதையும் எழுதலாம். ஆனால் இதுவும் நடந்ததுதானே?” என்றார். அவர் சொன்னதும் உண்மை. ஆகவே நாம் அன்று முடிவு ஒன்றும் செய்யாமல் கலைந்தோம். அதன்பின் சிந்தித்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

கேள்வி இதுதான்: ஒரு சமூகத்தின் குறையை அச்சமூகத்தில் பிறந்தவனே கதையாக எழுதினால், அது நஸீஹத் என்னும் நல்லுபதேசமா, அல்லது மார்க்கம் தடுத்த புறம் பேசுதலா?

நம்மவர்களுக்குக் கதை எழுதுதல் புதிதன்று. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை, 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர், 1885-இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் தோன்றிய முதல் நாவல்களுள் அதுவும் ஒன்று. எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்ட அக்கதையில், பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளை தான் யார் என்பதைக் கண்டடைகிறான். சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ நடத்திய மகுதூம் சாயபு, 1888-இல் ‘வினோத சம்பாஷணை’ என்ற பெயரில் உரையாடலாகக் கதை எழுதினார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம், பெண்கள் பேனா எடுப்பதே அரிதாயிருந்த 1938-இல், ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். ஆகவே ‘கதையெல்லாம் நமக்கெதற்கு’ என்று சொல்பவர், நம் முன்னோரை அறியாதவர். அதற்கும் மேலாக, யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையே அழகிய வரலாறு என்று சிறப்பிக்கிறது. அதில் உடன்பிறந்தாரின் பொறாமை மறைக்கப்படவில்லை. தந்தையின் கண்ணீரும் மறைக்கப்படவில்லை. ஒரு நபியின் குடும்பத்துக் குறையே நமக்குப் படிப்பினையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் நம்மைப் போல் ஒரு வியாபாரி. திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வந்தது. அதில் வரும் வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளி, ஊரையும் ஜமாஅத்தையும் தம் கைக்குள் வைத்திருப்பவர். ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை மார்க்கத்தின் பேரால் தடுக்கிறார். அவரை எதிர்த்து நிற்பவரோ சுறாப்பீலி விற்கும் ஏழை மஹ்மூது. மீரான் 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யில், குலப்பெருமையைத் தவிர வேறு தொழிலறியாத முஸ்தபாக்கண்ணு, பூர்வீக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றுகொண்டு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். மனைவியிடம் மட்டும் அதிகாரம் குறையவில்லை.

இவற்றைப் படித்து வருந்தியவர்களும் சினந்தவர்களும் உண்டு. ஆனால் நாம் ஒன்று கேட்போம். முஸ்தபாக்கண்ணுவைப் படிக்கையில், பாட்டனார் கட்டிய கடையின் பெயர்ப் பலகையை மட்டும் துடைத்துக்கொண்டு, உள்ளே சரக்கில்லாமல் உட்கார்ந்திருக்கும் யாராவது நமக்கு நினைவுக்கு வரவில்லையா? அந்த யாரோ ஒருவர் நாமாகவே இருந்துவிட்டால்? கதாபாத்திரம் என்பது பிறரைக் காட்டும் ஜன்னல் என்று நினைத்துத் திறக்கிறோம்; அதுவோ கண்ணாடியாக இருந்துவிடுகிறது. நமக்கு வரும் கோபத்தில் பாதி இதனால்தான்.

குடும்ப விஷயத்திலும் இப்படியே. ‘இதுதான் மார்க்கம்’ என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பவற்றுள் எவ்வளவு மார்க்கம், எவ்வளவு ஊர்வழக்கம்? நாம் வாழும் நெகிரி செம்பிலானில் மலாய்ச் சகோதரர்கள் ‘அடாட் பெர்பாத்தே’ வழக்கப்படி தாய்வழியே சுக்குவைக் கணக்கிடுகிறார்கள். பூர்வீக நிலம் பெண்மக்களுக்கு இறங்குகிறது. மாப்பிள்ளை மனைவியின் குடும்பத்தாரிடம் வந்து சேர்கிறார். புதிதாக வந்த நம்மவர் சிலர் இதைக் கண்டு வியந்தார்கள். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் வியக்கவில்லை. அவ்வூர்களிலும் வீடு பெண்ணுக்கு. மணமகன் மனைவி வீட்டில் தங்குவதே வழக்கம். குர்ஆனும் கிப்லாவும் நம் எல்லோருக்கும் ஒன்று. வீட்டு வாசல் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. தன் வீட்டு வழக்கத்தைத் தீன் என்று எண்ணிப் பிள்ளைகளை நெருக்குகிறவருக்கு, பிறர் வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் ஒரு நல்ல கதை பெரிய உபகாரம் செய்கிறது. கவிஞர் சல்மா ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) என்ற நாவலில் நம் பெண்மக்கள் வீட்டுக்குள் வாழ்ந்த வாழ்வை எழுதினார். கப்பலேறி வந்து வருஷக் கணக்கில் கடை பார்த்த நம் முந்தைய தலைமுறையினர், ஊரில் விட்டுவந்த மனைவியின் நாட்களை எண்ணிப் பார்த்ததுண்டா? மாதாமாதம் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு இருந்தது. அந்த நாட்களுக்குக் கணக்கில்லை.

இப்பொழுது புறம் பேசுதல் என்னும் ஆட்சேபணையைப் பார்ப்போம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் புறம் பேசுதலை, இறந்த சகோதரனின் மாமிசத்தைப் புசிப்பதற்கு ஒப்பிட்டுக் கடிகிறது. இதை இலேசாக எண்ணலாகாது. ஆனால் புறம் என்பது இன்னாரென்று அறியப்பட்ட ஒரு சகோதரர் வெறுக்கக் கூடியதை, அவர் இல்லாதபோது சொல்வது. கதையில் வரும் கடைக்காரர் இன்னாரல்லர். அவருக்கு ஊரில் வீடில்லை, கபுரும் இல்லை. அன்றியும், அநீதிக்குள்ளானவன் முறையிடுவது, தீங்கைப் பற்றிப் பிறரை எச்சரிப்பது முதலாக, பிறர் குறையைச் சொல்ல இடமுள்ள ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவீ ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் விளக்கியிருக்கிறார்கள். எழுத்தறியாத அந்தப் பெண் எந்தச் சபையிலும் முறையிடவில்லை. அவளுக்காகக் கதை முறையிடுகிறது என்று கொள்வதில் என்ன தவறு?

“சரி, பிற சமூகத்தார் பார்க்க எழுதலாமா?” என்பார் சிலர். இதற்கு நாம் சொல்லும் விடை ஒன்றே. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து, ‘அல்முதஃப்பிஃபீன்’ என்று அவர்கள் பெயராலேயே ஓர் அத்தியாயம், 83-ஆவது, திருமறையில் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் அளவையில் மிகக் கெட்டவர்களாக இருந்தார்களென்றும், அவ்வசனங்கள் இறங்கியபின் அளவையைச் சீர்செய்துகொண்டார்களென்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். வியாபாரியின் குறை உலகமுள்ளளவும் எல்லாச் செவிகளும் கேட்க ஓதப்படுகிறது. அதனால் வியாபாரிகளின் மானம் போகவில்லை. மதீனாவின் தராசு நேராயிற்று. அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனமோ, நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி கட்டளையிடுகிறது. மேலும், யாரிடமிருந்து நாம் மறைக்கிறோம்? இரண்டு படி அரிசி விஷயம் அந்தப் பெண்ணுக்கு அன்றே தெரியும். தெரியாதவர்கள் நம் பிள்ளைகள் மட்டுமே.

ஆயினும் எழுதுகிறவருக்கும் ஒரு தராசு உண்டு. பெயரை மாற்றிவிட்டு, இன்ன கடை, இன்ன குடும்பம் என்று ஊரே கண்டுகொள்ளும்படி எழுதினால், அது கதை வேஷம் போட்ட புறமே. ஒருவரிடம் உள்ள சினத்தைத் தீர்த்துக்கொள்ளப் பேனா எடுத்தால், அதுவும் குறைத்து அளப்பதுதான். கெட்டவனையும் மனிதனாகக் காட்ட வேண்டும். கடைக்காரர் ஏன் அப்படிச் செய்தார்? மொத்த வியாபாரியின் நெருக்கடியா, ஊரில் குமருக்குக் கல்யாணமா, வெறும் பேராசையா? இதைச் சொல்லாத கதை ஒருதட்டுத் தராசு. பெரியவர் கேட்டதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்துப் பற்றும் கதையில் வந்தாக வேண்டும். நம் புகழுக்காக அன்று. அது உண்மை என்பதற்காக.

இன்று தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. லயத்து ஜனங்கள் சிரம்பானுக்கும் பிற நகரங்களுக்கும் போய்விட்டார்கள். அவர்களோடு கடைகளும் போயின. பற்று வரவுப் புத்தகங்களைக் கரையான் அரித்துவிட்டது. அந்த வாழ்வுக்கு இனிச் சாட்சி, யாராவது எழுதி வைத்தால்தான். நாம் நல்லதை மட்டும் எழுதி வைத்தால், கெட்டதை மட்டும் வேறொருவர் எழுதி வைப்பார். இரண்டையும் நம்மவரே எழுதுவது மேல்.

ஆகவே, அந்த இளைஞரிடம் மழைக்காலத்தையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டோம், அவரும் இசைந்தார். கதை அடுத்த இதழில் வரும். படிப்பவர்கள், ‘இது யார்?’ என்று அக்கம்பக்கம் தேட வேண்டாம். நம்மில் பழைய கணக்கு ஏதேனும் யாருக்கேனும் கொடுபட வேண்டியிருந்தால், அதைத் தீர்க்க இதுவே சமயம். கொடுக்க வேண்டியவர் இறந்திருந்தால் வாரிசைத் தேடுவோம். கிடைக்காவிட்டால் அவர் பேரால் ஏழைக்குக் கொடுப்போம். நம் ஏடு வேறோர் இடத்திலும் எழுதப்படுகிறது. அதைக் கரையான் அரிப்பதில்லை.

வல்ல நாயன் நம் தராசையும் நம் பேனாவையும் நேராக வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.