சிறு கைகளும் பெரிய சுவரும்

கருநாடக எல்லையை ஒட்டிய ஒசூர் மக்களுக்கு 2016 செப்டம்பர் எளிதில் மறக்கக் கூடிய மாதமன்று. காவிரிப் பிணக்கினால் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. எல்லை தாண்டும் பேருந்துகள் நின்று போயின. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். பெற்றோரின் கைபற்றி நடந்த குழந்தைகள், பாடநூலும் ஆசிரியரும் இல்லாமலே அன்று ஒரு பாடம் கற்றிருப்பார்கள். மொழி வேறானால் மனிதனும் வேறு என்பதே அந்தப் பாடம்.

இத்தகைய கலவரங்கள் ஓய்ந்த பின் நாம் வழக்கமாகச் செய்யும் காரியம் ஒன்றுண்டு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் தூரிகையைக் கொடுத்து, பொதுச் சுவரில் ஒற்றுமையை வரையச் சொல்கிறோம். வெண்புறா ஒன்று, கோத்த கைகள் இரண்டு, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே வரிசையில். பெரியவர்கள் பேசுகிறார்கள்; புகைப்படம் எடுக்கிறார்கள்; பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.

இது அறமாகுமா? பகையை மூட்டியவர்கள் குழந்தைகளா? நோய் ஒருவனுக்கு இருக்க, மருந்தை மற்றொருவன் வாயில் ஊற்றுவது எவ்வகை வைத்தியம்? நாம் கடைப்பிடிக்காத ஒன்றைப் பிள்ளையின் கையால் எழுத வைப்பது, அந்தப் பிள்ளையை நம் மனச்சான்றுக்கு வெள்ளையடிக்கும் கூலியாளாக ஆக்குவதே அன்றோ?

இந்த ஐயம் நியாயமானது. ஆயினும், அதற்காகத் தூரிகையைப் பிடுங்கிவிடுவதும் தவறாகும். குற்றம் ஓவியத்தில் இல்லை. அதை நாம் நடத்தும் முறையில் இருக்கிறது. வேறு விதமாக நடத்தியவர்களும் உண்டு.

1937 ஏப்ரலில் ஸ்பெயின் நாட்டுக் குவர்னிக்கா நகரம் குண்டுவீச்சில் அழிந்தது. அந்தக் கொடுமையைப் பிக்காசோ ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் நீளமும் கொண்ட திரையில் தீட்டினார். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1995-இல், அதே அளவுத் திரையில் பல நாட்டுக் குழந்தைகளும் அமைதியைப் பற்றித் தீட்டும் இயக்கம் ஜப்பானில் பிறந்தது. அந்த அளவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எந்தக் குழந்தையாலும் தனியே நிரப்ப முடியாத திரை அது. பக்கத்தில் இருப்பவனிடம் வண்ணம் கேட்க வேண்டும். அவனுடைய கோடு நம் கோட்டின்மேல் ஏறும்போது பேசித் தீர்க்க வேண்டும். படத்தின் பொருளைவிட, படம் உருவாகும் வழியே அங்குப் பாடமாகிறது.

நம் மொழி பேசும் மண்ணிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, கொன்று குவிக்கப்பட்டனர். தமிழே பேசும் இரு சமூகங்கள் ஒருவர் நிழலை மற்றவர் அஞ்சும் நிலை வந்தது. அந்த மட்டக்களப்பில்தான் 1996-இல், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் ஊர்களிலிருந்து பேருந்தில் அழைத்து வரப்பட்டார்கள். களிமண் பிசைந்தார்கள்; ஓவியம் தீட்டினார்கள்; கதை சொன்னார்கள்; நடித்தார்கள். ஒருநாள் விழாவாக இது முடிந்துவிடவில்லை. வாரந்தோறும், மாதக் கணக்கில் தொடர்ந்தது. துணைநின்ற இளைஞர்களும் இரு சமூகத்தவரே. போரின் காயத்தைத் தாங்களும் அறிந்தவர்கள். 'ஒற்றுமையை வரை' என்ற கட்டளை அங்கு முதன்மை பெறவில்லை. பிள்ளை தன் அச்சத்தை வரையலாம். எரிந்த வீட்டை வரையலாம். அதைப் பக்கத்துப் பிள்ளை பார்க்கும். தன் வீடும் அப்படித்தான் எரிந்தது என்று அது சொல்லும்போது, எந்தச் சுவர் வாசகமும் தர முடியாத அறிவு இருவருக்கும் கிட்டுகிறது.

'இதனால் போர் நின்றதா?' என்று கேட்போர் உண்டு. நிற்கவில்லை, 2009 வரை நீடித்தது. 2019 ஏப்ரல் 21 அன்று அதே மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, குழந்தைகள் பலர் மாண்டார்கள். அன்றைய தாக்குதல்களை நடத்திய கும்பலின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். நாம் தலைகுனிந்து ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது. தன் ஊர் பட்ட காயத்தைப் பிறர்மீது காயமாக்கலாம் என்று ஒருவன் எங்கோ கற்றான்; கற்பித்தவர்கள் பெரியவர்கள். ஓவியம் கேடயம் அன்று. ஆனால் கேடயமாக இருக்கவில்லை என்று ஓவியத்தைப் பழிப்பவர்கள், வாளைக் கூர்தீட்டியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

மீண்டும் ஒசூருக்கு வருவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. தொழிற்பேட்டை வளர வளர, வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் இங்கே விளையாடுகிறார்கள். இங்கே ஒரு பொதுச் சுவர் பிள்ளைகளுக்குக் கிடைக்குமானால், அதில் வரைய வேண்டியதை நாம் சொல்லித் தர வேண்டாம். ஒரு மொழிப் பிள்ளைக்குப் பக்கத்தில் வேறு மொழிப் பிள்ளை நிற்கட்டும். தூரிகை ஒன்றே இருக்கட்டும். ஒரு நாளன்று, ஓராண்டு ஆகட்டும். அவர்கள் வரையும்போது பெற்றோரும் அருகில் வந்து நிற்கட்டும்.

சகிப்புத்தன்மை என்கிறோம். வெயிலைச் சகிக்கிறோம், கொசுக்கடியைச் சகிக்கிறோம். பக்கத்து வீட்டு மனிதனும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியவன்தானா? குழந்தைகள் ஒருவரையொருவர் சகிப்பதில்லை. சேர்ந்து விளையாடுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், மறுநாள் மீண்டும் சேர்கிறார்கள். அந்தச் சுவரிலிருந்து பாடம் படிக்க வேண்டியவர்கள், அதன் எதிரே கைகட்டி நிற்கும் நாமே.